எட்டும் உயரத்தில் ஓர் அலமாரி

திருக்குறுங்குடியிலிருந்து டோனாவூருக்கு சைக்கிளில் முக்கால் மணி நேரம். அப்பா மிதிப்பார். நான் கேரியரில் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பையில் இழைப்புளி, மூன்று உளி, கொட்டாப்புளி, நூலடிக்கிற கயிறு, செங்காவி டப்பா. மேற்கே மலை எங்களோடு கூடவே வரும். குளத்தில் தண்ணீர் கிடந்தால் அதிலும் மலை தெரியும். வாழைத்தோட்டம், நெல்வயல், பனங்காடு, மறுபடி வாழை. கடைசியில் மரங்களுக்குப் பின்னால் சிவப்பு ஓட்டுக் கூரைகள் தெரியும். அப்பா சைக்கிளை நிறுத்தி, துண்டை உதறி முகம் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்.

“ஏலே, அங்க இருக்க புள்ளையள்ட்ட சொந்த ஊரு எது, அப்பா பேரு என்னன்னு கேட்டுராத. என்ன?”

நான் தலையாட்டுவேன். 1978 கோடை விடுமுறை அது. எனக்குப் பத்து வயது. அந்தக் கேள்வியைக் கேட்காமல் இன்னொரு பிள்ளையோடு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, அப்பா என்ன தொழில்? அதற்கு வரும் பதிலை வைத்துத்தான் திண்ணையில் உட்காரச் சொல்வதா, வாசலோடு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். பிறந்த வீடு இல்லாத பிள்ளைகளை வளர்த்துவந்த டோனாவூர் ஐக்கியத்தின் வாசலுக்குள் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

அப்பா அங்கே மரவேலைக்குப் போவார். ஓட்டுக் கூரை என்றால் வேலைக்குக் குறைவே இராது. மழைக்கு முன் கைமரம் பார்க்க வேண்டும், கரையான் தின்ற சட்டத்தை மாற்ற வேண்டும், இறங்கிப்போன கதவைத் தூக்கி மாட்ட வேண்டும். நெற்றியில் திருநீறோடுதான் அப்பா போவார். யாரும் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நம்பி கோயில் மணி கேட்டு எழுந்த எங்களுக்கு, அங்கே ஜெபவீட்டுக் கோபுரத்திலிருந்து வேறொரு மணி கேட்கும். அது ஒலித்ததும் தோட்டத்தில் களை எடுப்பவர், துணி உலர்த்துபவர், நடந்துகொண்டிருப்பவர் என்று எல்லோரும் ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். பிறகு கைவேலை தொடரும். அப்பாவும் உளியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கணம் சும்மா இருப்பார். “அவுக சாமி கும்புடுதாவ. நாம ஏன் தட்டிக்கிட்டு கெடக்கணும்?” என்பார்.

அந்த இடத்தின் உறவுப் பெயர்கள் எனக்குப் பிடித்துப்போயின. பிள்ளைகளை வளர்க்கும் நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ‘அக்காள்’. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண்கள் ‘சித்தி’. ஆண்கள் ‘அண்ணாச்சி’. மேடம், சார் என்ற பேச்சே கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் பலசரக்குக் கடைக்காரரைக்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல்லையே எடுத்து ஒரு பெரிய குடும்பத்தைக் கட்டியிருந்தார்கள். பிறந்த வீடு இல்லாத பிள்ளைக்கு அங்கே போனவுடன் ஒரு அக்காளும் நாலைந்து சித்திமாரும் கிடைத்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ‘அம்மா’ என்று ஒருவரைச் சொன்னார்கள். நான் போன காலத்தில் அவர் இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பக்கத்து அறையில் இருப்பவரைப் போலத்தான் பேசுவார்கள்.

அந்த அம்மா, ஏமி கார்மைக்கேல், 1867 டிசம்பர் 16-ஆம் தேதி அயர்லாந்தின் வடகிழக்குக் கரையில் மில்ஐல் என்ற கடலோரச் சிற்றூரில் பிறந்தவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1951 ஜனவரி 18-இல் டோனாவூரில் கண்மூடும்வரை, அந்த 55 வருஷத்தில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. முதலில் பெண்கள் சிலரோடு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொன்னவர் அவர். 1901 மார்ச் மாதம் அந்தப் பாதை திரும்பியது. தாமிரபரணிக் கரையில் பெருங்குளம் என்ற ஊரில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டித் தேவதாசியாக்க ஒரு வீட்டில் வைத்திருந்த ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று அங்கிருந்து தப்பி, பண்ணைவிளையில் தங்கியிருந்த ஏமியிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடிக்குத் தன் தாயிடம் ஓடியிருக்கிறது. தாயோ பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓடிய குற்றத்துக்காக அந்தக் குழந்தையின் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்த பிறகு வண்டி கட்டி ஊர் ஊராகப் போவது ஏமியால் முடியவில்லை. அதே வருஷம் டோனாவூருக்கு வந்தார். 1913-இல் அவரிடம் 130 பெண் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள்.

டோனாவூர் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ் ஐயர் 1827-இல் உண்டாக்கிய கிறிஸ்தவக் குடியிருப்பு அது. அதற்குப் பண உதவி செய்த பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனாவின் பெயரை வைத்தார். முகம் பார்த்தறியாத ஒருவர் கொடுத்த காசில் எழுந்த ஊர், பெற்றவர் முகம் அறியாத பிள்ளைகளுக்கு வீடாயிற்று.

இந்தக் கதைகளில் பாதியை நான் பிற்பாடுதான் படித்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தைகள் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெரிய அக்காள் மட்டும்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நீலச் சேலை, பின்னால் இறுக்கிக் கட்டிய வெள்ளை முடி. கைக்குழந்தையாக அங்கே வந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தவர். அங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அக்காளின் பொறுப்பில் சின்னதும் பெரியதுமாகப் பிள்ளைகள் ஒரே குடும்பமாக இருந்தார்கள். நூறு கட்டில் வரிசையாகக் கிடக்கும் கூடம் இல்லை அது.

அவர் வீட்டுக்கு ஓர் அலமாரி செய்ய வேண்டியிருந்தது. அப்பா அளவு எடுத்தார். வழக்கம்போல ஏழடி உயரம், நாலு தட்டு. பெரிய அக்காள் அதைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற நாலு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டார். “கையத் தூக்கு, ராசாத்தி” என்றார். அது தூக்கியது. சுவரில் அந்தப் பிஞ்சு விரல் தொட்ட இடத்தைக் காட்டினார்.

“ஆசாரி, தட்டு இதுக்குக் கீழதான் வரணும். துணிய அதுவே எடுக்கணும், அதுவே மடிச்சு வைக்கணும். அதுக்கு எட்டலேன்னா அது எங்க அலமாரி. அதோட அலமாரி இல்ல.”

அப்பா சற்று நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதியிருந்த அளவைக் காவித் துணியால் அழித்தார். மூன்றடி உயரத்தில் நீளமாக, பன்னிரண்டு அறை வைத்து அந்த அலமாரியைச் செய்தோம். வேங்கை மரம். நான்தான் உப்புத்தாள் தேய்த்தேன். முடிந்த அன்று பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாக வந்து தங்கள் துணியை வைத்தார்கள். ஒரு பெண் தன் இடத்தில் துணியை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மறுபடி வைத்தாள். அவளுக்குச் சொந்தமென்று அதற்கு முன் எதுவும் இருந்திருக்காது.

அந்த வீட்டில் வேலை செய்யாத கை ஒன்றுகூடக் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளை ஸ்பூன்களைத் துடைத்து அடுக்கும். ஐந்து வயதுப் பிள்ளை அரிசியில் கல் பொறுக்கும். பத்து வயதுக்காரி தனக்குக் கீழே உள்ளதற்குத் தலை பின்னி விடுவாள். பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண் கூசும். தண்டனையாக யாரும் அந்த வேலைகளைச் செய்யவில்லை. இது உன் வீடு, ஆகவே இது உன் வேலை என்ற ஒரே நியாயம்தான். மலைமேல் காட்டில் 1917-இல் அம்மா வாங்கிய இடம் ஒன்று உண்டென்றும், விடுமுறைக்குப் பிள்ளைகள் அங்கே ஏறிப்போய் ஓடையில் நீந்துவார்கள் என்றும் அக்காள் சொன்னார். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல்! எங்கள் தெருவில் என் அக்காமார் யாருக்கும் அது கிடைக்கவில்லை.

ஒருநாள் நாங்கள் போனபோது அந்த வீட்டில் பாயசம் வைத்திருந்தார்கள். யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன். பெரிய அக்காள் சிரித்தார்.

“பொறந்த நாளு எங்களுக்கு யாருக்குத் தெரியும் ஐயா? இது வந்த நாளு. இந்தப் புள்ள இங்க வந்த நாளு.”

வந்த நாள்! எனக்கு அந்தச் சொல் இன்றைக்கும் இனிக்கிறது. எந்தத் தேதியில் பிறந்தோம் என்று தெரியாத குழந்தைகளுக்கு, நீ எங்களிடம் வந்த நாளே பெரிய நாள் என்று அம்மா ஏற்படுத்திய வழக்கம் அது. அந்த நாளில் பூவும் பரிசும் பாட்டும் உண்டு. ஊருக்குப் பாரமாகி, ஒரு குடும்பத்துக்கு அவமானமாகி, விலைக்கும் போயிருக்கக்கூடிய ஓர் உயிர் வந்து சேர்ந்ததைத் திருவிழாவாகக் கொண்டாடினார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று அப்பாவுக்குச் சந்தேகம். யாரிடமும் கேட்பதில்லை, கடனும் வாங்குவதில்லை, ஜெபம் பண்ணுவோம், வரும் என்றார் அக்காள். 1927-இல் கட்டிய ஜெபவீடும், பின்னால் வந்த பரம சுக சாலை என்ற ஆஸ்பத்திரியும் அப்படித்தான் எழும்பின. அந்த ஆஸ்பத்திரியில்தான் என் அம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் குணமானது. எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்க்காமல் சுற்றுவட்டாரம் முழுவதும் அங்கே போகும். என் அம்மாவின் கட்டிலருகே நின்று ஊசி போட்ட நர்ஸ், பெரிய அக்காள் வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தி. என் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூடாத அந்தக் கேள்வியைக் கேட்கப் போனாள். அப்பா கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டார்.

1983-இல் என்று நினைக்கிறேன், அந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியூருக்கு நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்டாள். அவளுக்காக அப்பா ஒரு மரப்பெட்டி செய்தார். பூட்டு போட வளையம், உள்ளே புத்தகத்துக்குத் தனித் தடுப்பு. புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே அவளைச் சந்தைக்கு அனுப்பிச் சாமான் வாங்க வைத்தார்கள். மிச்சக் காசுக்குக் கணக்கு எழுத வைத்தார்கள். தனியாக வள்ளியூர் வரை பஸ் ஏறிப்போய் வரச் சொன்னார்கள். முதல் தடவை போய்விட்டுப் பயந்து அழுதுகொண்டு வந்தாளாம். மறுவாரம் மறுபடி அனுப்பினார்கள். நாலாவது வாரம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அவள் போன பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். மூன்றடி அலமாரியில் ஒரு அறை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. இரண்டு துணி மட்டும் மடித்து வைத்திருந்தது. “இதுல வேற புள்ள துணிய வைக்கலியா?” என்று கேட்டேன்.

“அவ லீவுக்கு வருவால்லா? வந்து எங்க வைப்பா?” என்றார் பெரிய அக்காள்.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. குளக்கரையில் சைக்கிளை நிறுத்தி பீடி பற்றவைத்தபோது சொன்னார்: “அறுத்த மரத்த அன்னைக்கே நிலையில மாட்டுனா மழக்காலத்துல கதவு சேராது. முறுக்கிக்கிடும். நெழல்ல போட்டு, காத்தோட்டமா அடுக்கி, திருப்பித் திருப்பிப் போட்டுக் காய விடணும். முறுக்கிக்கிட்டா மரத்து மேல குத்தம் இல்லலே. அவசரப்பட்ட ஆசாரி மேலதான் குத்தம்.” பெரிய அக்காளைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவர் பாராட்டும் முறை அது.

அடுத்த வருஷம் அப்பா இறந்தார். டோனாவூர்ப் பாதை எனக்கு நின்றுபோனது.

உளி மட்டும் கையில் தங்கியது. பட்டறைகளில் வேலை பார்த்து, தொழிற்கல்வி முடித்து, 1993-இல் தென்மாவட்ட நகரம் ஒன்றில் கிறிஸ்தவ ஆண்பிள்ளைகள் இல்லம் ஒன்றில் தச்சு ஆசிரியராகச் சேர்ந்தேன். ரயில்வே பிளாட்பாரத்திலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் வந்த பையன்கள். குடிகார அப்பாவிடம் அடி வாங்கி ஓடி வந்தவன், பட்டாசுக் கம்பெனியிலிருந்து மீட்டு வந்தவன், தாய் இறந்ததும் மாமன் கொண்டுவந்து விட்டுப்போனவன். நல்ல சோறு போட்டோம், படிக்க வைத்தோம், தொழில் சொல்லிக் கொடுத்தோம். பதினெட்டு வயது முடிந்ததும் ஒரு பெட்டி, இரண்டு ஜோடித் துணி, பஸ் காசு கொடுத்து ஜெபம் பண்ணி அனுப்பினோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

ஒரு பையன் இருந்தான். இழைப்புளியை அவன் தள்ளினால் மரச்சுருள் அறுபடாமல் ஒரே நீளமாக வரும். அத்தனை நல்ல கை. அவன் போகும்போது என் சொந்தக் காசில் ஒரு செட் சாமான் வாங்கிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி இல்லத்து கேட்டில் வந்து நின்றிருக்கிறான். நேரம் கடந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து பார் என்று காவலாளி சொல்லியிருக்கிறார். விதி அப்படி. காலையில் கேள்விப்பட்டு ஓடினேன். எட்டு நாள் தேடினேன். பஸ் நிலையத்துப் பின்னால் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். சாமான்களை விற்றுவிட்டிருந்தான். பட்டறைக்காரர் இரண்டு மாதச் சம்பளம் தரவில்லை. எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டு வாடகை முன்பணம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. காய்ச்சல் வந்தபோது எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, யாரைக் கூட்டிப் போவது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் படுக்கை என்று வளர்ந்தவனுக்கு, மணி அடிக்காத உலகத்தில் எப்போது சாப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை.

அப்பாவின் வார்த்தை அப்போதுதான் முழுதாக என் மேல் இறங்கியது. பச்சை மரத்தை நிலையில் மாட்டிவிட்டு, கதவு சேரவில்லை என்று மரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இல்லத்துப் பொறுப்பாளரிடம் டோனாவூர் அலமாரியின் கதையைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். இல்லத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்தோம். பதினெட்டு முடிந்த மூன்று பையன்கள் அங்கே தங்கினார்கள். வாடகையில் முதல் ஆறு மாதம் இல்லம் பாதி கொடுக்கும். அடுத்த ஆறு மாதம் கால்பங்கு. அதன் பின் அவர்கள் பாடு. சமையல் முறை வைத்துக்கொண்டார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வங்கியில் போட வேண்டும். கரண்ட் பில் கட்டுவது, குடும்ப அட்டைக்கு எழுதிக் கொடுப்பது, பாக்கிச் சம்பளத்தை மரியாதையாகவும் விடாமலும் கேட்பது, காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் இல்லத்தில் சாப்பாடு. அதற்கு யாரையும் கேட்டில் நிறுத்துவதில்லை. டீக்கடையில் கண்டெடுத்த பையன்தான் அந்த வீட்டின் முதல் ஆள். முதல் மாதம் அவன் வைத்த குழம்பைச் சாப்பிட முடியவில்லை. ஆறாவது மாதம் எனக்கும் என் மனைவிக்கும் அழைப்பு வைத்தான். வயிறாரச் சாப்பிட்டு வந்தோம்.

என் பட்டறையில் ஓர் அலமாரி செய்து இல்லத்தில் வைத்தேன். வெளியே போனவர்கள் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு தட்டு. ஒரு சட்டையாவது அதில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நாங்கள் தடுமாறிக் கண்டுபிடித்ததைச் சட்டமும் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், இல்லத்தை விட்டு வெளியேறும் 18 வயது நிறைந்தவர்களுக்குப் பிற்காப்பு வேண்டும் என்கிறது. 21 வயதுவரை அவர்களைத் தாங்க வழி சொல்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு இடம் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காசு கொடுக்கும் கையால் தட்டு காலியாக வைத்துக் காத்திருக்க முடியாது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

சட்டம் ஒரு தீமையை ஒழிக்க எத்தனை காலம் எடுக்கும் என்பதற்கும் டோனாவூரே சாட்சி. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடினார். அந்த வழக்கத்திலிருந்து மீண்டு வந்த பெண்களுக்காக ஔவை இல்லத்தையும் தொடங்கினார். ஆனாலும் தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. அந்த ஏழு வயதுக் குழந்தை தப்பி ஓடி வந்து அப்போது 46 வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த சட்டமெல்லாம் அக்காளும் சித்தியும் அண்ணாச்சியும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மார்கழியில் டோனாவூருக்குப் போனேன். மலை அப்படியே இருந்தது. அம்மாவைப் புதைத்த தோட்டத்துக்குப் போனேன். 1931 செப்டம்பரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில் குழியில் விழுந்து கால் முறிந்தார் அவர். அதற்குப் பின் ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அந்தப் படுக்கையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார், அங்கிருந்தே அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் குளிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் பேரும் இல்லை, தேதியும் இல்லை. தாய் என்று பொருள்படும் ஒரே சொல்தான். நான் நின்றபோது ஒரு தவிட்டுக்குருவி வந்து தண்ணீரைச் சிதறிவிட்டுப் பறந்தது. பெரிய அக்காளும் அந்தத் தோட்டத்தில்தான் எங்கோ படுத்திருக்கிறார். எந்த இடம் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர் வந்த நாள் எது என்று அன்றே கேட்டு வைக்காமல் போனேனே என்பதுதான் வருத்தம்.

ஜெபவீட்டு மணி அடித்தது. கையில் வேலை எதுவும் இல்லாவிட்டாலும் நின்றேன்.

எங்கள் பையன்களுக்கு இன்றும் பெரிய சிக்கல் வேலை கிடைப்பதில் இல்லை. நல்ல தச்சனுக்கும் வெல்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் எங்கும் தேவை இருக்கிறது. வீடு கிடைப்பதில்தான் சிக்கல். வாடகைக்குப் போய் நின்றால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “சொந்த ஊரு எது? அப்பா என்ன பண்றார்?” பையன் தலையைக் குனிவான். வீடு இல்லை என்ற பதில் வரும். ஒரே வாரத்தில் பதினோரு வாசலில் அந்தக் கேள்வியைக் கேட்டுத் திரும்பிய பையனை எனக்குத் தெரியும்.

இதைப் படிக்கும் உங்களில் மாடியில் ஓர் அறையோ, பின்கட்டில் ஒரு சின்ன வீடோ வாடகைக்கு விடுபவர்கள் இருப்பீர்கள். அப்படி ஒரு பையனோ பெண்ணோ உங்கள் வாசலில் வந்து நின்றால், என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். எங்கே வேலை பார்க்கிறாய், சம்பளம் எவ்வளவு, வாடகையை மாதம் எந்தத் தேதியில் தருவாய் என்று கேளுங்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். திருக்குறுங்குடி ஆசாரி ஒருவர் சைக்கிளை நிறுத்தி மகனிடம் கேட்கக் கூடாது என்று சொன்ன அந்த ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள்.